சிறிய காருக்குப் பெரிய த்ராட்டில் பாடி: மலையேற்றத்தில் இழுவை கூடுமா?

ஏலத்தோட்டம் (கம்பம்):

அனைவருக்கும் வணக்கம். கம்பத்தில் குடியிருந்துகொண்டு, வண்டன்மேட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் ஏலத்தோட்டத்தைக் கவனித்து வருகிறேன். என்னிடம் இருப்பது 1061 சிசி இன்ஜின் கொண்ட பழைய வேகன் ஆர். கேபிளில் இயங்கும் த்ராட்டில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது திறந்து இன்ஜினுக்குக் காற்று விடும் வாய்). நான்கு பேரையும் இரண்டு மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டுச் சாலையிலோ குமுளிச் சாலையிலோ போகும்போது, கொண்டை ஊசி வளைவைத் திரும்பி முடித்ததும் இரண்டாம் கியரில் வண்டி எழும்ப மறுக்கிறது; முதல் கியருக்கு இறங்கித்தான் மீண்டும் வேகம் பிடிக்க வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் இதே சுமையோடு இதே வளைவுகளில் இரண்டாம் கியரிலேயே ஏறியிருக்கிறேன்.

எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவர், 1.3 லிட்டர் இன்ஜின் கொண்ட பழைய கார் ஒன்றின் த்ராட்டில் பாடியைப் பொருத்தினால் இன்ஜினுக்குக் கூடுதல் காற்று கிடைக்கும், இழுவையும் கூடும் என்கிறார். அது கிடைக்காவிட்டால் இருப்பதையே லேத்தில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கிக்கொள்ளலாமாம். செலவைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் மலைப்பாதையில் குடும்பத்தோடு போகும் வண்டி என்பதால், விவரம் தெரிந்தவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றிருக்கிறேன்.

மேட்டுச்சாலை (நெடுங்கண்டம்):

என் பழைய ஜென் காரில் இதைச் செய்திருக்கிறேன். வித்தியாசம் உறுதியாகத் தெரிந்தது. ஆக்ஸிலேட்டரைத் தொட்டவுடனே வண்டி பாய்கிறது. முன்பு பாதி மிதித்தால் கிடைத்த வேகம் இப்போது கால்வாசி மிதியிலேயே கிடைக்கிறது. தயங்காமல் செய்யுங்கள், தம்பி.

லோயர்கேம்ப்:

மேட்டுச்சாலை அண்ணன் உணர்ந்த மாற்றம் உண்மையானதுதான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது ஏலத்தோட்டம் தம்பி தேடும் மாற்றம் அல்ல என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணித்தான் பலர் பணத்தைச் செலவழிக்கிறார்கள்.

த்ராட்டில் பாடிக்குள் சுழன்று காற்று வழியைத் திறந்து மூடும் பட்டர்ஃபிளை தகடு பாதி திறந்திருக்கும் நிலையில், காற்று போகும் வழியின் பரப்பு துளையின் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு மாதிரிக் கணக்குக்காக 40 மில்லிமீட்டர் துளையை 45 மில்லிமீட்டராக மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். பரப்பு ஏறத்தாழ 27 சதவீதம் கூடுகிறது. பெடலை அதே அளவு மிதித்தாலும் அதிகக் காற்று உள்ளே போவதால் வண்டி பாய்வது போலத் தோன்றுகிறது. இதே காற்றைப் பழைய த்ராட்டிலிலும் பெடலை இன்னும் கொஞ்சம் மிதித்துப் பெற்றிருக்கலாம். மாறியது பெடலுக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள விகிதமே தவிர, இன்ஜினின் உச்சத் திறன் அல்ல. தம்பியோ மலையில் ஏற்கெனவே பெடலைத் தரைவரை மிதித்துக்கொண்டிருக்கிறார். அந்த நிலையில் என்ன கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

அதையும் கணக்கிட்டே பார்க்கலாம். 1061 சிசி இன்ஜின், அதன் உச்சத் திறனான 64 குதிரைத்திறனைத் தரும் நிமிடத்துக்கு 6,200 சுற்றில், 85 சதவீத நிரப்புத்திறனோடு (சிலிண்டரின் கொள்ளளவில் உண்மையில் நிரம்பும் காற்றின் பங்கு) ஓடினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,800 லிட்டர் காற்றை இழுக்கும். 40 மில்லிமீட்டர் துளையில், நடுவே குறுக்காக நிற்கும் 8 மில்லிமீட்டர் தண்டு மறைக்கும் இடத்தைக் கழித்துவிட்டால், காற்றின் சராசரி வேகம் வினாடிக்கு 50 மீட்டர் அளவுக்கு வரும். அந்த வேகத்தில் காற்றின் இயக்க அழுத்தம் (ஓட்டத்தின் வேகத்தால் வரும் அழுத்தம்) சுமார் 1.4 கிலோபாஸ்கல், த்ராட்டிலைக் கடந்தபின் அதில் எதுவுமே மீளவில்லை என்று மிகவும் பாதகமாகக் கொண்டாலும் இழப்பு இவ்வளவுதான். 45 மில்லிமீட்டரில் அது 0.8 கிலோபாஸ்கல். ஆக மிச்சம் 0.6 கிலோபாஸ்கல், அதாவது உள்ளே போகும் காற்றில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல். 64 குதிரைத்திறனில் அரைக் குதிரைத்திறன்கூடத் தேறாது.

இது 6,200 சுற்றுக்கான கணக்கு. வளைவைத் திரும்பி இரண்டாம் கியரில் ஏறும்போது இன்ஜின் 3,000 சுற்றுக்கு அருகில்தான் ஓடும். சுற்று பாதியானால் இந்த இழப்பு கால் பங்காகிவிடும். அங்கே பெரிய த்ராட்டில் தரும் லாபம் 0.15 கிலோபாஸ்கல். அதை எந்த ஓட்டுநராலும் உணர முடியாது.

இதோடு மலை எடுத்துக்கொள்வதை ஒப்பிட்டுப் பாருங்கள். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் 101 கிலோபாஸ்கல் என்றால் கம்பத்தில் ஏறக்குறைய 97, சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள குமுளியில் 91. கம்பத்திலிருந்து குமுளி போய்ச் சேருவதற்குள்ளாகவே 6 கிலோபாஸ்கல் போய்விடுகிறது. இந்த இழப்பைத் த்ராட்டிலை மாற்றி ஈடுகட்ட முடியாது. தேக்கடி மதகை எவ்வளவு உயர்த்தினாலும், எங்கள் லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்கும் இரும்புக் குழாய்கள் கொள்ளும் அளவுக்கு மேல் தண்ணீர் டர்பைனுக்கு வந்து சேராது. அதுபோல, சிறிய இன்ஜினின் வால்வுகளும் அவற்றைத் திறக்கும் கேம் தண்டும் காற்று வரும் போர்ட்டுகளும் கொள்ளும் காற்றுக்கு மேல் பெரிய த்ராட்டிலால் உள்ளே தள்ள இயலாது.

இன்னொன்று. முன்பு இழுத்த வண்டி இப்போது இழுக்கவில்லை என்று தம்பியே எழுதியிருக்கிறார். த்ராட்டில் துளை நாளாக நாளாகச் சுருங்குவதில்லை. வேறு எதுவோ கெட்டிருக்கிறது. முதலில் அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பீர்மேடு:

லோயர்கேம்ப் ஐயாவின் கணக்கு சராசரி ஓட்டத்துக்குப் பொருந்தும், ஆனால் இன்ஜின் காற்றைச் சீராக இழுப்பதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் தன் முறை வரும்போது விட்டுவிட்டு இழுக்கிறது. அந்தத் துடிப்பின் உச்சத்தில் த்ராட்டில் வழியே காற்றின் வேகம் சராசரியைவிடக் கணிசமாகக் கூடும், வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இழப்பும் கூடும். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் வண்டிகளில் வேலை செய்யும் நண்பர்கள் எனக்கு உண்டு. பெரிய த்ராட்டிலால் அவர்களுக்குப் பலன் கிடைக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

லோயர்கேம்ப்:

நல்ல மறுப்பு. துடிப்பின் உச்சம் மேனிஃபோல்டுக்குள் (த்ராட்டிலிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த்தொகுதி) இருக்கும் காற்றறையால் பெருமளவு தணிந்தே த்ராட்டிலை வந்தடைகிறது. இந்த இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள் இருப்பதால் ஒன்று முடியும்போது அடுத்தது தொடங்கிவிடுகிறது. இருந்தும் என் கணக்கை இரண்டு மடங்காக்கியே வைத்துக்கொள்ளுங்கள்: 3,000 சுற்றில் லாபம் 0.3 கிலோபாஸ்கல். முடிவு மாறவில்லை.

பந்தய வண்டிகளின் நிலை வேறு. அங்கே கேம் தண்டை மாற்றி, ஹெட்டின் போர்ட்டுகளைப் பெரிதாக்கி, எக்ஸாஸ்டை (புகை வெளியேறும் குழாயை) திறந்துவிட்டு, இன்ஜினை 7,500 சுற்றுக்கு மேலும் ஓட்டுகிறார்கள். காற்றின் அளவு கூடியபின் மிச்சமிருக்கும் இடுக்கு த்ராட்டில்தான் என்பதால் அதை மாற்றினால் பலன் தெரிகிறது. அவர்கள் அதைக் கடைசியில்தான் செய்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

தம்பிக்கு ஒரு வேண்டுகோள். சந்தையில் கிடைக்கும் சாதாரண வேக்யூம் கேஜ் (உறிஞ்சும் அழுத்தத்தை அளக்கும் கருவி) ஒன்றை வாங்கி, மேனிஃபோல்டிலிருந்து வரும் மெல்லிய ரப்பர் குழாயில் ஒரு டி இணைப்பைப் போட்டு, நீண்ட குழாய் வழியாக முன்சீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஏற்றத்தில் பெடலை முழுவதும் மிதித்து இன்ஜின் நன்றாகச் சுழலும்போது பக்கத்தில் இருப்பவர் முள்ளைப் பார்க்கட்டும். முள் பூஜ்யத்தை ஒட்டி நின்றால் உறிஞ்சும் பக்கத்தில் எந்த அடைப்பும் இல்லை, த்ராட்டிலும் போதுமானது. பாதரச அளவில் 1 அங்குலத்துக்கு மேல் காட்டினால் ஏர் ஃபில்டர் முதல் த்ராட்டில் வரை எங்கோ தடை இருக்கிறது. ஃபில்டரைக் கழற்றிவிட்டு மீண்டும் பார்த்தால் குற்றவாளி யார் என்பது தெரிந்துவிடும்.

போவதற்கு முன் இரண்டு காரியங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவரைப் பெடலைத் தரைவரை மிதிக்கச் சொல்லி, காற்றுக்குழாயைக் கழற்றி உள்ளே பாருங்கள். கேபிள் தளர்ந்திருந்தாலோ, பெடலின் கீழே தடித்த ரப்பர் மிதியடி கிடந்தாலோ தகடு முழுவதும் திறக்காது. அடுத்து, ஏர் ஃபில்டர் பெட்டிக்கு வெளிக்காற்றைக் கொண்டுவரும் பிளாஸ்டிக் குழாய் தன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் அது கழன்று எங்கோ போயிருக்கும். அப்போது இன்ஜின் தன் சூட்டையே உறிஞ்சும். காற்றின் வெப்பம் 3 டிகிரி கூடினால் அடர்த்தி ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறது. மலையேற்றத்தில் பானட்டுக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட 20 டிகிரி அதிகச் சூட்டில் இருப்பது சாதாரணம்.

லேத்பட்டறை (கூடலூர்):

துளையைப் பெரிதாக்கும் யோசனையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலையைக் கேட்டு எங்கள் பட்டறைக்கும் ஆட்கள் வருகிறார்கள்.

துளையைக் கடைவது கடினமான வேலை இல்லை. தகட்டில்தான் சிக்கல். மூடிய நிலையில் தகடு துளைக்குச் செங்குத்தாக நிற்பதில்லை; சில டிகிரி சாய்ந்து நிற்கிறது. அதனால் அது வட்டமல்ல, மிக லேசான நீள்வட்டம். அதன் விளிம்பும் அந்தச் சாய்வுக்கு ஏற்பவே சீவப்பட்டிருக்கும். சரியான வட்டமாகத் தகட்டை வெட்டிப் போட்டால், ஒன்று சுற்றிலும் காற்று கசியும், இல்லையேல் விளிம்பு துளையின் சுவரில் கடித்துக்கொண்டு நிற்கும். இறக்கத்தில் வரும்போது காலை எடுத்த பிறகும் த்ராட்டில் திறந்தபடி மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

தகட்டைத் தண்டோடு பிடிக்கும் இரண்டு சின்ன ஸ்க்ரூக்களின் நுனியை நிறுவனத்தில் தட்டி விரித்துவிட்டிருப்பார்கள், கழன்று விழக் கூடாது என்பதற்காக. ஒருமுறை கழற்றினால் அந்தப் பிடிப்பு போய்விடும். பழைய ஸ்க்ரூவையே திருப்பி மாட்டி அனுப்பப்பட்ட த்ராட்டில் ஒன்று எங்களிடம் வந்தது. ஒரு ஸ்க்ரூ பாதி வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்தது. அது விழுந்திருந்தால் நேரே வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையில்தான் போயிருக்கும். பல த்ராட்டில் பாடிகளில் சுவருக்குள் கூலன்ட் ஓடும் பாதையும் உண்டு. கடையும்போது சுவர் மெலிந்தால் அது கசிந்து இன்ஜினுக்குள் போகும். வேறு காரின் பெரிய த்ராட்டிலை மாட்டினாலோ, மேனிஃபோல்டின் வாய் பழைய அளவிலேயே இருப்பதால் இரண்டும் சேருமிடத்தில் ஒரு படி உண்டாகும். காற்று அந்தப் படியில் மோதிச் சுழலும்போது, தேடிப்போன சிறு லாபமும் அங்கேயே தொலைந்துவிடும்.

இந்த வேலையை நான் ஏற்பதில்லை.

குமுளிக்காரன்:

தம்பி எல்லையைத் தாண்டிப் போய்வருபவர் என்பதால் சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தத்தின் 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. த்ராட்டில் பாடி பானட்டுக்குள் இருப்பதால் எவரும் பார்க்கப்போவதில்லை என்று நினைக்கலாம். விபத்து நேர்ந்து காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்தால் பார்ப்பார்.

லோயர்கேம்ப்:

லேத்பட்டறை அண்ணன் சொன்ன கசிவுக்கு இன்னொரு விளைவும் உண்டு. தகடு சரியாக மூடாவிட்டால் ஐடிலிங் (பெடலை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறும். ஐடிலிங்கைக் கட்டுப்படுத்தும் வால்வை இ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தன்னால் முடிந்தவரை மூடிப் பார்க்கும். அதற்கு மேல் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. இறக்கத்தில் இரண்டாம் கியரில் வரும்போது இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் பலம் குறையும், பிரேக் பூஸ்டருக்குக் கிடைக்கும் வேக்யூமும் குறையும். குமுளியிலிருந்து இரைச்சல் பாலம் வழியாகச் சுமையோடு இறங்கும் வண்டிக்கு இவை இரண்டும் முழுமையாக இருந்தாக வேண்டும். ஏறுவதை மட்டும் யோசித்து வண்டியை மாற்றக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

ஏலத்தோட்டம் (கம்பம்):

அனைவருக்கும் நன்றி. கேஜ் வாங்கிப் பொருத்திப் பார்த்துவிட்டேன். தகடு முழுவதும் திறக்கிறது, வெளிக்காற்றுக் குழாயும் தன் இடத்தில் இருக்கிறது. லோயர் கேம்ப்பைத் தாண்டியதும் வரும் ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முழுவதும் மிதித்தபோது முள் பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தும் மாற்றமில்லை.

வேறொன்றைக் கவனித்தேன். வண்டியை ஓரமாக நிறுத்தி, கியரில் போடாமல் இன்ஜினை 2,500 சுற்றில் அப்படியே பிடித்து வைத்திருந்தபோது, முதலில் 17 அங்குலத்தில் நின்ற முள் மெல்ல மெல்ல இறங்கி, பெடலை அசைக்காமலேயே 12க்கு வந்துவிட்டது. இது உயரத்தால் ஏற்படுவதா?

லோயர்கேம்ப்:

உயரத்தால் அல்ல, தம்பி. 300 மீட்டர் ஏறினால் கேஜ் சுமார் 1 அங்குலம் குறைத்துக் காட்டும் என்பது உண்மை, ஆனால் ஒரே இடத்தில் நிற்கும் வண்டியில் அது இறங்கிக்கொண்டே போகாது. இன்ஜின் எரித்து வெளியேற்றும் புகை போக வழியில்லாமல் பின்னாலேயே தேங்கும்போதுதான் முள் இப்படி மெதுவாக விழும். உங்கள் வண்டியில் அடைப்பு எக்ஸாஸ்டில் இருக்கிறது. பெரும்பாலும் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் அமைப்பு உருகியோ உடைந்தோ வழியை மறித்திருக்கும். பழைய புகை வெளியேறாத சிலிண்டருக்குள் புதிய காற்றுக்கு இடமில்லை. சுமையோடு ஏறும்போது வண்டி எழும்ப மறுப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி 2,500 சுற்றில் பார்க்கச் சொல்லுங்கள். 3 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு அழுத்தத்துக்கு) மேல் காட்டினால் ஐயத்துக்கு இடமில்லை.

மேட்டுச்சாலை (நெடுங்கண்டம்):

அடைத்த கன்வெர்ட்டரை உடைத்து உள்ளிருப்பதை எடுத்துவிட்டால் செலவில்லாமல் முடிந்துவிடுமே?

குமுளிக்காரன்:

அதுவும் சட்டத்துக்குப் புறம்பான மாற்றம்தான், அண்ணே. பி.எஸ். 3 (பாரத் ஸ்டேஜ் 3 என்னும் புகைக் கட்டுப்பாட்டு நிலை) வண்டிக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது; கன்வெர்ட்டர் இல்லாமல் புகைச் சான்றிதழ் வாங்குவது கடினம். அதையும் விட, அந்தப் புகையை ஏலத்தோட்டத்திலும் வளைவுகளிலும் நடந்துபோகிறவர்கள்தான் சுவாசிக்கிறார்கள்.

ஏலத்தோட்டம் (கம்பம்):

அழுத்தமானியில் 6 பிஎஸ்ஐ காட்டியது. கன்வெர்ட்டரை மாற்ற முடிவு செய்துவிட்டேன். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றியபோது மூன்றாவது பிளக் மட்டும் கறுத்து, நுனியில் எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. மற்ற மூன்றும் வெளிர் பழுப்பு நிறத்தில் உலர்ந்திருக்கின்றன.

லேத்பட்டறை (கூடலூர்):

அப்படியானால் கன்வெர்ட்டரை உடனே மாற்ற வேண்டாம், தம்பி. மூன்றாம் சிலிண்டரில் எண்ணெய் இறங்குகிறது. அந்தப் பிளக் சரியாக எரிக்காமல் விடும் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கியிருக்கிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் புதியதைப் போட்டால் அதற்கும் இதே கதிதான்.

முதலில் நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷனை (பிஸ்டன் காற்றை நெருக்கும்போது எழும் அழுத்தத்தை) அளந்து பாருங்கள். மூன்றாவதும் மற்றவற்றுக்கு இணையாக இருந்தால் பிஸ்டன் ரிங் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது, எண்ணெய் வால்வு சீல் வழியாகத்தான் இறங்குகிறது என்று கொள்ளலாம். அதை மாற்ற ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து வால்வை விழாமல் தாங்கிக்கொண்டு, மேலிருந்தே ஸ்பிரிங்கை எடுத்து சீலைப் போட்டுவிடலாம். கம்ப்ரஷன் குறைவாக இருந்தால் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயிலைப் பிளக் துளையில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு சரியாக அமரவில்லை. டேப்பட் இடைவெளியையும் (வால்வுக்கும் அதைத் திறக்கும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி) அந்த வேலையோடு சேர்த்தே பார்த்துவிடச் சொல்லுங்கள். இவையெல்லாம் முடிந்து, அந்தப் பிளக் சில நாள் ஓட்டத்துக்குப் பிறகும் உலர்ந்தே இருப்பதைக் கண்ட பின் கன்வெர்ட்டரை வாங்குங்கள். அதுவரை மலைக்குச் சுமை ஏற்றாதீர்கள். அடைத்த கன்வெர்ட்டர் ஏற்றத்தில் கடுமையாகச் சூடேறும், வண்டியின் அடிப்பகுதியில் இருக்கும் ரப்பரையும் வயரையும் பொசுக்கிவிடும்.